ஓட்டமும் மிதிவண்டியும்: ‘அமெச்சூர்’ என்றொரு சொல்லின் வரலாறு

மாரத்தான் ஓட்டம் என்ற பந்தயத்தை உலகுக்குத் தந்தவர் ஓட்டக்காரர் அல்லர். ஒரு மொழியியல் பேராசிரியர். மிஷேல் பிரேயல் (1832–1915) பாரிஸில் கொலேஜ் த பிரான்ஸ் என்னும் புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில் ஒப்பிலக்கணம் கற்பித்தவர். இன்று நாம் வகுப்பறையில் சொற்பொருளியல் என்று சொல்லும் துறைக்கு ‘செமான்டிக்’ எனப் பெயரிட்டவரும் அவரே. 1894ஆம் ஆண்டு பியேர் த கூபெர்த்தானுக்கு எழுதிய கடிதத்தில், ஏதென்ஸில் நடக்கவிருக்கும் புதிய ஒலிம்பிக்கில் மாரத்தானிலிருந்து ஒரு நெடுந்தூர ஓட்டம் வைத்தால் வெற்றி பெறுபவருக்குத் தாம் ஒரு வெள்ளிக் கோப்பை அளிப்பதாகச் சொன்னார். 1896இல் ஓட்டம் நடந்தது, கோப்பை கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவருடைய சொற்பொருளியல் நூல் வெளிவந்தது. முதுகலை வகுப்பில் பல ஆண்டுகளாக அவர் பெயரை உச்சரித்துவந்த எனக்கு இந்த வெள்ளிக் கோப்பைச் செய்தி தாமதமாகத்தான் தெரியவந்தது. அது தெரிந்த பிறகு அவர் பாடநூலிலிருந்து இறங்கி வந்து தெருவோரம் நின்று ஓட்டக்காரர்களுக்குக் கைதட்டுபவராகத் தெரிகிறார்.

சொற்களின் பொருள் எவ்வாறு குறுகுகிறது, எவ்வாறு விரிகிறது, எவ்வாறு தாழ்கிறது என்று ஆராய்ந்த மனிதர், தம் கண்முன்னே ஒரு சொல் படும் பாட்டைக் கவனித்திருப்பாரா? ‘அமெச்சூர்’ என்ற சொல்லைத்தான் குறிப்பிடுகிறேன். அன்றைய ஒலிம்பிக்கின் வாயிற்காவலனாக நின்ற சொல் அது. இலத்தீனில் நேசிப்பவன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சில் கலையை நேசிப்பவனைக் குறித்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நேசத்தின் பெயரால் பிறந்த சொல், இன்று ‘அரைகுறை’ என்பதற்கு நாகரிகமான மாற்றாகப் பயன்படுகிறது. நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பிடிக்கவைக்கும் சொல்லானதை இழிபொருட்பேற்றுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோம். கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த ‘களிப்பு’ தூய மகிழ்ச்சியாக உயர்ந்ததை உயர்பொருட்பேறு என்போம். ‘அமெச்சூர்’ இந்த இரண்டு வழியிலும் நடந்த சொல். நேசன் என்று தொடங்கி, இடையில் கனவான் என்று உயர்ந்து, பிறகு கற்றுக்குட்டி என்று தாழ்ந்தது. நம் கவனத்துக்குரியது அந்த இடைக்காலம். அந்த உயர்வில்தான் கொடுமை இருந்தது.

*

இங்கிலாந்தில் ஓடுவது முதலில் வேலையாக இருந்தது. பிரபுக்களின் வண்டிக்கு முன்னால் ஓடும் பணியாளர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இருந்தார்கள். எசமானர்கள் தங்கள் ஆட்களை ஒருவருக்கெதிராக மற்றவரை ஓடவிட்டுப் பந்தயம் கட்டினார்கள், குதிரைகளை ஓடவிட்டதைப் போலவே. பந்தயம் கட்டுவது கனவானின் உரிமை, ஓடுவது ஆளின் கடமை. சில சமயம் கனவானும் ஓடினார், அப்போதும் பணத்துக்காகவே. 1809இல் காப்டன் பார்க்லே என்ற ஸ்காட்லாந்து நிலவுடைமையாளர், நியூமார்க்கெட்டில் 1000 மணி நேரத்தில் 1000 மைல், மணிக்கு ஒரு மைல் வீதம், இரவும் பகலுமாக ஏறத்தாழ ஆறு வாரம் நடந்து 1000 கினி பந்தயத்தை வென்றார். அவரை எவரும் தாழ்வாக நினைக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1861இல் செனக்கா இனத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பழங்குடி ஓட்டக்காரர் ஒருவர், ‘டியர்ஃபுட்’ என்ற பெயரில் இங்கிலாந்து வந்து, பெருங்கூட்டத்துக்கு முன் ஓடினார். 1863இல் ஒரு மணி நேரத்தில் 11 மைல் 970 கெஜம் ஓடிக் காட்டினார். அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழகங்களில் படித்த இளைஞர்கள் தாங்களும் ஓட விரும்பினார்கள். ஆனால் டியர்ஃபுட்டோடும் நெசவாலைக்காரரோடும் ஒரே கோட்டில் நிற்க விரும்பவில்லை.

1866இல் லண்டனில் தோன்றிய அமெச்சூர் தடகளச் சங்கம் அதற்கு ஒரு வழி கண்டது. பரிசுப் பணத்துக்காகப் போட்டியிட்டவர் அமெச்சூர் அல்லர் என்பது அந்த வழியின் ஒரு பாதி. மற்றப் பாதிதான் இந்த வரலாற்றின் முள். மெக்கானிக்காகவோ, கைவினைஞராகவோ, கூலி உழைப்பாளியாகவோ இருப்பவரும் அமெச்சூர் அல்லர் என்று விதி எழுதப்பட்டது. அவர் வாழ்நாளில் ஒரு காசுகூடப் பரிசு வாங்காதவராக இருக்கலாம்; அது பொருட்டல்ல. கையால் உழைப்பதே தகுதிக்கேடு. உடலுழைப்பில் உரம் பெற்ற தேகம், மேசையில் அமர்ந்து எழுதும் தேகத்தோடு போட்டியிடுவது நியாயமில்லை என்று இதற்குக் காரணம் சொன்னார்கள். நாளெல்லாம் சம்மட்டி அடித்துவிட்டு மாலையில் ஓட வருபவருக்குக் களைப்பு கிடையாது என்பது அவர்களுடைய உடலியல் போலும்!

1880இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான புதிய தடகளச் சங்கம் அந்த மெக்கானிக் விதியைக் கைவிட்டது. படகோட்டிகள் கைவிடவில்லை, ஹென்லி படகுப் போட்டியில் அது 1930களின் பிற்பகுதிவரை நீடித்தது. ஆனால் விதி போனாலும் வழக்கம் போகவில்லை. பரிசு கூடாது, பயணச் செலவு கூடாது, இழந்த நாள் கூலி கூடாது என்றால், சனிக்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டிலிருந்து எவர் ஓட வருவார்? எழுதப்பட்ட சுவரைவிட எழுதப்படாத சுவர் உறுதியானது என்பது நம் நாட்டாருக்கு விளக்க வேண்டாத செய்தி.

*

மிதிவண்டி இந்தக் கணக்கைக் குழப்பியது. அது பிறந்தபோதே சந்தைப்பொருள். 1869 நவம்பர் 7 அன்று பாரிஸிலிருந்து ருவான் நகருக்கு 123 கிலோமீட்டர் தூரம் நடந்த பந்தயத்தை ஒரு மிதிவண்டி இதழும், மிதிவண்டித் தயாரிப்பில் ஈடுபட்டிருந்த சகோதரர்களும் சேர்ந்து நடத்தினார்கள். முதற் பரிசு 1000 ஃபிராங்க். ஜேம்ஸ் மூர் என்ற இளைஞர் ஏறத்தாழப் பத்தரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். சராசரி வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான். நல்ல ஓட்டக்காரர் கொஞ்ச தூரத்துக்கேனும் கூடவே ஓடியிருக்க முடியும். மேட்டில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதும் அந்தக் காலப் பந்தயத்தின் பகுதியே. ‘மிஸ் அமெரிக்கா’ என்ற புனைபெயரில் ஓட்டிய ஒரு பெண் 29ஆவதாக வந்தார் என்பதையும் குறித்து வைக்கலாம்.

உயரச் சக்கர வண்டிகளின் காலத்தில் சைக்கிள் வசதியுள்ளவர்களின் விளையாட்டாகச் சிறிது காலம் இருந்தது. 1885இல் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வண்டி இரண்டு சமமான சக்கரங்களோடு வந்தது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. பிறகு விலை இறங்க இறங்க, குமாஸ்தாவும் கொல்லரும் ஏறினார்கள். இதில் சுவையான சிக்கல் ஒன்று எழுந்தது. மிதிவண்டி நிறுவனங்கள் தங்கள் வண்டி வெல்ல வேண்டும் என்பதற்காக, பெயரளவில் அமெச்சூராக இருந்த வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தன. ‘தயாரிப்பாளரின் அமெச்சூர்’ என்றே அவர்களுக்குப் பட்டப்பெயர் ஏற்பட்டது. சங்கத்தார் விசாரணை வைத்தார்கள், தடை விதித்தார்கள். பணம் வேறு பாதையில் போயிற்று.

இங்கிலாந்துச் சாலைகளில் பந்தயம் ஓட்டுவதற்கே எதிர்ப்பு இருந்தது. 1894இல் லண்டனுக்கு வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் நடந்த 50 மைல் பந்தயமொன்றில், குதிரை வண்டி மிரண்டு ஒரு குழப்பம் நேர்ந்ததன் பின், தேசியச் சங்கம் சாலைப் பந்தயங்களை விலக்கிவைத்தது. அப்போது எஃப். டி. பிட்லேக் என்பவர் ஒரு தந்திரம் கண்டார். எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டால்தானே பந்தயம்? விடியற்காலையில், ஊருக்கு வெளியே, ஒவ்வொருவராக இடைவெளி விட்டுப் புறப்படட்டும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடை. மார்பில் எண் வேண்டாம். பார்ப்பவருக்கு ஏதோ வேலையாய்ப் போகும் மனிதரைப்போலத் தெரியட்டும். கடிகாரம் மட்டும் உண்மையை அறியும். 1895இல் தொடங்கிய இந்தக் கள்ளத்தனமான பந்தயமே ‘டைம் டிரையல்’ என்ற வடிவமாக நிலைத்தது. எதிரில் எவருமில்லாமல் தன் நேரத்தோடு தான் போட்டியிடும் இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

*

இனி ஏதென்ஸ். மாரத்தான் கிராமத்துக்கும் ஏதென்ஸ் நகருக்கும் இடையிலான அந்தப் புழுதிச் சாலையில், 1896 ஏப்ரலில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பந்தயங்கள் நடந்தன. ஏப்ரல் 10 அன்று கால்களால். 12 அன்று மிதிவண்டியால். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. சேர்த்துப் பார்த்தால்தான் ‘அமெச்சூர்’ என்ற சொல் உள்ளே என்ன வைத்திருந்தது என்பது தெரிகிறது.

ஓட்டத்தை வென்றவர் கதை பலரும் அறிந்தது. ஸ்பிரிடோன் லூயிஸ், மரூசி ஊரைச் சேர்ந்தவர், ஏதென்ஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்து விற்கும் குடும்பத்தொழில். தகுதி ஓட்டத்தில் ஐந்தாவதாகவே வந்திருந்தவர். ஏறத்தாழ 40 கிலோமீட்டரை 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் கடந்தார். முன்னால் பாய்ந்துசென்ற பிரெஞ்சுக்காரர் லெர்முசியோ 32ஆவது கிலோமீட்டரில் விலகினார். அதற்கு முன்பே 800, 1500 மீட்டர் இரண்டையும் வென்றிருந்த ஆஸ்திரேலியக் கணக்கர் எட்வின் ஃபிளாக் முடிவுக்குச் சற்று முன்னே சரிந்தார். அரங்கத்துக்குள் லூயிஸ் நுழைந்தபோது கிரேக்க இளவரசர்கள் இருவர் அவரோடு கூடவே ஓடிவந்தார்கள். தண்ணீர்க்காரர் தேசத்தின் நாயகன் ஆனார்.

இதே ஓட்டத்தில் பங்கேற்க இத்தாலியின் மிலானிலிருந்து பெரும்பகுதித் தூரத்தை நடந்தே கடந்து கார்லோ ஐரோல்தி என்பவர் ஏதென்ஸ் வந்து சேர்ந்தார். முந்தைய ஆண்டு மிலானிலிருந்து பார்சலோனாவரை நடந்த ஒரு நெடும்பந்தயத்தில் வென்று பணப்பரிசு பெற்றிருந்தார். ஆகவே அவர் அமெச்சூர் அல்லர் என்று திருப்பி அனுப்பப்பட்டார். நாடுகளைக் கால்நடையாகக் கடந்து ஓட வந்த ஒருவரிடம், உனக்கு ஓட்டத்தின்மேல் நேசம் இல்லை என்று சொன்னார்கள். மறுநாள், ஏப்ரல் 11 அன்று, ஸ்தமாத்தா ரெவிதி என்ற ஏழைத் தாய் அதே பாதையில் தனியாக ஓடினார். ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். அவரை அரங்கத்துக்குள் விடவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைக்கப்படுவதற்கு 1984 வர வேண்டியிருந்தது.

ஏப்ரல் 12 அன்று மிதிவண்டிகள் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் சென்று திரும்பின, 87 கிலோமீட்டர். வென்றவர் கிரேக்கரான கொன்ஸ்டாண்டினிடிஸ். வழியில் அவர் வண்டி பழுதாகி, இன்னொரு வண்டியில் ஏறி, ஊருக்குள் விழுந்து எழுந்தும் முதலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த எட்வர்ட் பேட்டல் என்பவரைப் பற்றித்தான் எனக்கு அக்கறை. அவரும் ஃப்ரெடெரிக் கீப்பிங் என்பவரும் ஏதென்ஸிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலைக்காரர்கள். இருவரும் போட்டியில் பெயர் கொடுத்தபோது, அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலேயர் சிலர் அவர்களை விலக்க முயன்றார்கள். அவர்கள் வைத்த வாதம் அளவை நூலுக்கு ஏற்ற ஒழுங்கு உடையது: ஏவல் செய்பவர் கனவான் அல்லர், கனவான் அல்லாதவர் அமெச்சூர் அல்லர், ஆகவே இவர்கள் ஓட்டக் கூடாது. தடுத்தவர்கள் கிரேக்கர்கள் அல்லர், சொந்த நாட்டார் என்பதைக் கவனியுங்கள். முயற்சி பலிக்கவில்லை.

மறுநாள் கீப்பிங் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில் இறங்கினார். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிவரை, மூன்றில் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவது. ஏழு பேர் தொடங்கினார்கள். ஐந்து பேர் ஒவ்வொருவராக விலகினார்கள். எஞ்சிய இருவரில் ஆஸ்திரியாவின் அடால்ஃப் ஷ்மால் 314.997 கிலோமீட்டர் கடந்தார், கீப்பிங் 314.664. பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தின் பின் வேறுபாடு ஒரே ஒரு சுற்று. இதை நேசம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? வென்றவருக்கு வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும். பொற்பதக்க வழக்கம் அப்போது இல்லை. பண ஆசையில் சுற்றினார் என்றுகூடச் சொல்ல இடமில்லை.

லூயிஸுக்கும் கீப்பிங்குக்கும் சமூக நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. இருவரும் பிறருக்கு உழைத்துப் பிழைத்தவர்கள். ஆனால் தண்ணீர்க்காரர் கிரேக்கத்தில் ஓடினார். அங்கே தேசம் தனக்கொரு உழவன் மகனைத் தேடிக்கொண்டிருந்தது. வேலைக்காரருக்கோ இங்கிலாந்தின் கண்கள் ஏதென்ஸ்வரை பின்தொடர்ந்து வந்தன. ஒரே சொல், ஒரே சாலை, இரண்டு பொருள். (கீப்பிங்கின் மகன் மைக்கேல் பின்னாளில் சம்பளம் பெறும் கால்பந்து வீரராகி, 1948 முதல் 1950 வரை ரியல் மாட்ரிட் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார்.)

பண்டைய கிரேக்கர்கள் பரிசு நாடாதவர்கள் என்பதே இந்த விதிகளுக்கெல்லாம் சொல்லப்பட்ட ஆதாரம். அது கற்பனை. ஒலிம்பியாவில் இலைக் கிரீடம் மட்டுந்தான். ஆனால் ஊர் திரும்பிய ஏதென்ஸ் வீரனுக்கு 500 திராக்மா வழங்க சோலோன் சட்டமிட்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். ஏதென்ஸின் சொந்த விழாவில் வெற்றிப் பரிசு சாடி சாடியாக ஒலிவ எண்ணெய், விற்கலாம். 1984இல் வெளியான டேவிட் யங்கின் நூல் இந்தக் கற்பனையை வரிவரியாக உடைத்தது. ‘அத்லெட்’ என்ற கிரேக்கச் சொல்லே ‘அத்லோன்’, அதாவது பரிசு, என்பதிலிருந்து வருவது. பரிசுக்குப் போட்டியிடுபவர் என்று பொருள். ‘அமெச்சூர் அத்லெட்’ என்ற தொடர் வேர்ச்சொல்லின்படி பார்த்தால் முரண்தொடை. பரிசில் பெற்ற புலவரெல்லாம் தொழில்முறைக் கவிஞர் என்று தள்ளிவிட்டால் புறநானூற்றில் எத்தனை பாட்டு மிஞ்சும்? கபிலருக்குப் பாரிமேல் இருந்ததை என்னவென்று அழைப்பது?

நம் மேடைக்கும் இந்தச் சொல் அதே காலத்தில்தான் வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், வழக்கறிஞர்கள் நடித்தார்கள். ஊதியத்துக்கு ஊர் ஊராக நடித்துவந்த கம்பெனிக் கலைஞரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட ‘அமெச்சூர்’ உதவியது. சபைகள் நாடகத்துக்கு மதிப்புத் தேடித் தந்தன என்பதில் ஐயமில்லை. அந்த மதிப்பு, நாடகத்தையே வயிற்றுப்பிழைப்பாகக் கொண்டு ‘கூத்தாடி’ என்ற வசையைச் சுமந்தவரைப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் விடை அவ்வளவு இனிப்பாக இராது.

*

20ஆம் நூற்றாண்டில் இந்த விதி பலி கொண்டவர்களின் பட்டியல் நீளமானது. 1912இல் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப்பின் பதக்கங்கள், கோடையில் கொஞ்சம் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்பதற்காக மறு ஆண்டு பறிக்கப்பட்டன. ஃபின்லாந்தின் பாவோ நூர்மி 1932இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓட முடியாமல் தடுக்கப்பட்டார். இவர்கள் புகழ் பெற்றவர்கள். வரலாறு இவர்களுக்காகப் பிறகேனும் வருந்தியது. எனக்கு ஜான் டாரன்ட்டின் கதையே ஆறாதது.

1932இல் லண்டனில் பிறந்தவர். போர்க்காலத்தில் குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தார். பதின்ம வயதில் டார்பிஷயரின் பக்ஸ்டன் ஊரில் சில குத்துச்சண்டைகளில் ஆடினார். மொத்தமாக அவருக்குக் கிடைத்தது 17 பவுண்டு. பிறகு தமக்குக் குத்துச்சண்டை வராது, ஓட்டமே வரும் என்று கண்டுகொண்டு, ஓட்டப்பந்தயத்துக்குப் பதிவு செய்யப் போனபோது அந்தப் பதினேழு பவுண்டை மறைக்காமல் சொன்னார். மறைத்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது. அவர் அமெச்சூர் அல்லர் என்று விடை வந்தது. வேறொரு விளையாட்டில், சிறுவனாக இருந்தபோது, பெற்ற தொகை. அதற்கு வாழ்நாள் தண்டனை.

டாரன்ட் என்ன செய்தார்? 1956 முதல் மாரத்தான் பந்தயங்களில் எண் இல்லாமல் ஓடத் தொடங்கினார். மோட்டார் சைக்கிளில் தம்பி கொண்டுவந்து விடுவார். பெரிய கோட்டு ஒன்று உடம்பை மறைத்திருக்கும். தொடக்க வெடி கேட்டதும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்வார். அதிகாரிகள் துரத்துவார்கள். பல சமயம் அவரே முன்னால் ஓடினார். வந்து சேர்ந்தாலும் முடிவுப் பட்டியலில் பெயர் இராது. பத்திரிகைகள் அவருக்கு ‘ஆவி ஓட்டக்காரர்’ என்று பெயரிட்டன. 1958இல் உள்நாட்டில் ஓட அனுமதி கிடைத்தது. தேசத்தின் சார்பில் ஓடும் உரிமை இறுதிவரை கிடைக்கவில்லை. அவர் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். 40 மைல், 100 மைல் ஓட்டங்களில் உலகச் சாதனை நேரங்கள் அவருடையவை ஆயின. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குச் சென்றபோதும் எண் இல்லை, அங்கும் ஆவிதான். 1975இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 42. கூலி வேலைகள் செய்து, மனைவியின் பொறுமையைச் சோதித்து, விடுமுறையையும் சேமிப்பையும் கரைத்து, பதக்கம் தராத பந்தயங்களை ஓடியவர். அகராதியின் முதற்பொருளில் இவரைவிடத் தகுதியான அமெச்சூர் ஒருவரை நான் அறியேன்.

அவர் இறப்பதற்குச் சிறிது முன்னர், 1974இல், ஒலிம்பிக் சாசனத்திலிருந்து ‘அமெச்சூர்’ என்ற சொல் நீக்கப்பட்டது. பிறகு ஒவ்வொரு விளையாட்டும் தன் வேகத்தில் கதவைத் திறந்தது. 1996 அட்லாண்டாவில் தொழில்முறை மிதிவண்டி வீரர்கள் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டார்கள். உலகத் தடகளக் கூட்டமைப்பு 2001இல் தன் பெயரிலிருந்தே அந்தச் சொல்லை எடுத்தது.

*

மேல்மட்டத்தில் சொல் அழிந்த அதே ஆண்டுகளில், கீழே வேறொன்று முளைத்தது. 1974 செப்டம்பர் 25 அன்று கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், மிஷன் பே கடற்கரையில், ஒரு ஓட்டச் சங்கத்தார் வேலை நாள் மாலையில் ஓடி, மிதிவண்டி ஓட்டி, நீந்தும் பந்தயமொன்றை நடத்தினார்கள். 46 பேர் வந்தார்கள். இன்று டிரையத்லான் என்று உலகம் அறிவது அதுதான். நீச்சலை விட்டுவிட்டு ஓட்டத்தையும் மிதிவண்டியையும் மட்டும் சேர்த்த பந்தயம் 1980களில் அமெரிக்காவில் பரவியது. முதலில் அதற்கு ‘பயத்லான்’ என்று பெயர். பனிச்சறுக்கும் துப்பாக்கியும் சேர்ந்த குளிர்காலப் போட்டி அந்தப் பெயரை ஏற்கெனவே வைத்திருந்ததால் ‘டூயத்லான்’ ஆயிற்று. ‘டூயோ’ இலத்தீன், ‘அத்லோன்’ கிரேக்கம், கலப்புமணச் சொல். 1989இல் சுவிட்சர்லாந்தின் ஸோஃபிங்கனில் இதன் கடுமையான வடிவம் தொடங்கியது. 1990இல் பாம் ஸ்பிரிங்ஸில் முதல் உலகப் போட்டி. வழக்கமான தூரம் 10 கிலோமீட்டர் ஓட்டம், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, மீண்டும் 5 கிலோமீட்டர் ஓட்டம். குறுகிய வடிவம் இதில் பாதி.

இதை ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்தைந்து வயதாகப் பிரிக்கப்பட்ட பிரிவுகளில் வரும் சாதாரண மனிதர்கள். மிதிவண்டிப் பகுதியில் முன்னால் போகிறவரின் பின்னே ஒட்டிக்கொண்டு காற்றுத்தடையைத் தவிர்ப்பது இவர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு. தனித்தனியாக, இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். பிட்லேக்கின் கறுப்பு உடைக்காரர்கள் இங்கே வெளிச்சத்துக்கு வந்துவிட்டார்கள். வண்டியைத் தொடுவதற்கு முன் தலைக்கவசத்தின் வார் பூட்டப்பட்டிருக்க வேண்டும், குறிப்பிட்ட கோட்டைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும் என்பன போன்ற விதிகள் கண்டிப்பானவை.

எங்கள் பகுதியில் நடந்த இத்தகைய சிறு பந்தயமொன்றில், 5 – 20 – 2.5 என்ற தூரத்தில், நானும் கலந்துகொண்டேன். ஓட்டம் அறிமுகமானது, மிதிவண்டியும் அப்படியே. இரண்டுக்கும் இடையிலான மாற்றமே புதிது. இருபது கிலோமீட்டர் மிதித்துவிட்டு இறங்கி ஓடத் தொடங்கினால், கால்கள் இன்னும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. தொடைகள் மரக்கட்டைபோல் கனக்கின்றன. உடம்பு ஒன்று சொல்லக் கால் ஒன்று செய்கிறது. முதல் ஐந்நூறு மீட்டர் வேறொருவருடைய காலில் ஓடுவதாகவே தோன்றும். என்னைக் கடந்து சென்றவர்களில் ஒருவர், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சைக்கிள் கடையில் வேலை செய்பவர். மெக்கானிக். 1860களின் லண்டனில் அவருடைய தொழிலின் பெயரே விதிப்புத்தகத்தில் இருந்திருக்கும்.

பதிவுப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, இரத்தப் பிரிவு, அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண் இவற்றைக் கேட்டிருந்தார்கள். தொழில் என்ற கட்டம் இல்லை. அதற்காக வாயில் அகலத் திறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கட்டணம் அவருடைய இரண்டு நாள் ஊதியத்துக்குக் குறையாது. அன்று நிறுத்துமிடத்தில் வரிசையாகத் தொங்கிய கார்பன் வண்டிகளில் சிலவற்றின் விலைக்கு ஊர்ப்புறத்தில் ஒரு மனை வாங்கலாம். அவருடைய வண்டி, கடையில் கழித்துப்போட்ட சட்டகமும், வெவ்வேறு வண்டிகளிலிருந்து எடுத்த சக்கரங்களுமாக அவரே கோத்தது. முன் சக்கரம் ஒரு நிறம், பின் சக்கரம் இன்னொரு நிறம். முடிவுப் பட்டியலில் தம் வயதுப் பிரிவில் நான்காவதாக இருந்தார். பதக்கம் மூவருக்குத்தான். பட்டியலைப் பார்த்துவிட்டு, எட்டரைக்குக் கடை திறக்க வேண்டும் என்று சொல்லி அந்த வண்டியிலேயே ஏறிக் கிளம்பினார்.